பிக்கப் வண்டிகளில் பொறித் திறன் இழப்பு

பொறித் திறன் இழப்பு என்பது, ஒரு வண்டியின் பொறி, வடிவமைக்கப்பட்டபோது அதற்கு வரையறுக்கப்பட்ட திறனைக் காட்டிலும் குறைவான திறனை அளிக்கும் நிலையாகும். தமிழகத்திலும் புதுச்சேரியிலும் உள்ள வண்டிப் பட்டறைகளில் இது "இழுவை இல்லை", "பிக்கப் போய்விட்டது", "வண்டி திணறுகிறது" என்று பலவாறு கூறப்படுகிறது. இது தனியொரு பழுதன்று. பல்வேறு பழுதுகளின் பொதுவான அறிகுறி. பத்து ரூபாய் ரப்பர்க் குழாயில் ஏற்பட்ட வெடிப்பும், முழுப் பொறியையும் பிரித்துச் சீரமைக்க வேண்டிய தேய்மானமும் ஓட்டுநருக்கு ஒரே மாதிரி தோன்றக்கூடும். ஆகவே உண்மைக் காரணத்தை முறைப்படி கண்டறிவது, பழுதுநீக்கலை விடவும் இன்றியமையாதது.

சிறு சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டிகள் பெரும்பாலும் ஒருவரே உரிமையாளராகவும் ஓட்டுநராகவும் இருந்து இயக்குபவை. அவ்வண்டி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருவாய் இல்லாத நாளாகும். காரணம் அறியாமல் பாகங்களை மாற்றிப் பார்க்கும் பழக்கம், வண்டியின் பழுதைக் காட்டிலும் கூடுதல் இழப்பை விளைவிக்கக்கூடும். இக்கட்டுரை டீசலில் இயங்கும் பழைய பிக்கப் வண்டிகளையே முதன்மையாகக் கருத்திற் கொள்கிறது.

## திறனும் முறுக்குவிசையும்

அன்றாடப் பேச்சில் ஆற்றல், திறன், இழுவை ஆகிய சொற்கள் ஒரே பொருளில் வழங்கினாலும் இயற்பியலில் அவை வேறுபட்டவை. ஒரு நொடியில் செய்யப்படும் வேலையின் அளவே திறன் ஆகும். பொறியின் சுழல் தண்டைத் திருப்பும் விசையின் அளவு முறுக்குவிசை எனப்படும். இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பு பின்வருமாறு:

திறன் (கிலோவாட்) = முறுக்குவிசை (நியூட்டன் மீட்டர்) × சுழற்சி வேகம் (நிமிடத்துக்குச் சுற்றுகள்) ÷ 9549

எடுத்துக்காட்டாக, நிமிடத்துக்கு 2000 சுற்றுகளில் 150 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் பொறி, அப்போது ஏறத்தாழ 31 கிலோவாட் திறனை அளிக்கிறது. இதிலிருந்து, திறன் இரு வகையில் குறையலாம் என்பது விளங்கும். ஒன்று, எல்லா வேகங்களிலும் முறுக்குவிசை குறைதல். மற்றொன்று, குறைந்த வேகத்தில் முறுக்குவிசை சரியாக இருந்தும், பொறி உயர் வேகத்தை எட்ட இயலாதிருத்தல். முதல் வகை அமுக்கக் குறைவையோ பழுதான இன்ஜெக்டரையோ சுட்டும். இரண்டாம் வகை பெரும்பாலும் காற்று அல்லது எரிபொருள் செல்லும் வழியில் உள்ள அடைப்பைச் சுட்டும். ஏனெனில் பாய்வு மிகும்போதுதான் அடைப்பின் விளைவு வெளிப்படும்.

## சமதரையில் மறைந்திருக்கும் இழப்பு

புதுச்சேரி நகரமும் அதன் தென்பகுதியில் கடலை ஒட்டி அமைந்த உப்பளமும் ஏறக்குறைய சமதரையான பகுதிகள். இத்தகைய இடங்களில் மட்டுமே ஓடும் வண்டியில் திறன் இழப்பு நெடுநாள் வெளித்தெரியாமல் இருக்கக்கூடும். இதற்கான காரணத்தை எளிய கணக்கீட்டால் அறியலாம்.

சரக்குடன் 2700 கிலோகிராம் எடையுள்ள ஒரு பிக்கப் வண்டி, சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். சக்கரங்களின் உருளல் தடை சுமார் 320 நியூட்டன். காற்றின் தடை சுமார் 115 நியூட்டன். இவற்றை எதிர்கொண்டு செல்லச் சக்கரங்களில் தேவைப்படும் திறன் 5 கிலோவாட்டுக்கும் குறைவு. அதே வண்டி அதே வேகத்தில் நூற்றுக்கு 6 என்ற சரிவுள்ள ஏற்றத்தில் செல்லும்போது, புவியீர்ப்பை எதிர்த்து மேலும் 1590 நியூட்டன் தேவைப்படுகிறது. அப்போது தேவையான திறன் 22 கிலோவாட்டைத் தாண்டுகிறது. சமதரையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல 17 கிலோவாட் அளவுக்குத் தேவைப்படும்.

ஆகவே 45 கிலோவாட் திறனுள்ள பொறி ஒன்று, மூன்றில் ஒரு பங்கை இழந்து 30 கிலோவாட்டாகக் குறைந்த பின்னும், நகருக்குள் வழக்கம்போலவே ஓடும். மேம்பால ஏற்றத்திலோ, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மற்றொரு வண்டியை முந்தும்போதோதான் குறை தெரியவரும். முந்துவதற்குப் போதுமானது எனக் கருதிய இடைவெளி போதாமற்போவது உயிருக்கு ஆபத்தானது. திறன் இழப்பு செலவைப் பற்றியது மட்டுமன்று, பாதுகாப்பைப் பற்றியதும் ஆகும் என்பதற்கு இதுவே காரணம்.

## இந்தியாவின் பழைய பிக்கப் வண்டிகள்

இந்தியச் சாலைகளில் உள்ள பழைய சிறு சரக்கு வண்டிகளின் பொறிகளை மூன்று தலைமுறைகளாகப் பகுக்கலாம்.

- முன்னறை எரிப்புப் பொறிகள்: எரிபொருள் முதலில் ஒரு சிறு முன்னறையில் தெளிக்கப்பட்டு, பின்னர் முதன்மை உருளைக்குப் பரவும். மகிந்திரா வண்டிகளில் பயன்பட்ட, பிரெஞ்சு நிறுவனமான பூஜோவின் வடிவமைப்பிலான 2112 கன சென்டிமீட்டர் பொறி இவ்வகையைச் சார்ந்தது. 2005 ஆம் ஆண்டு அறிமுகமான டாட்டா ஏஸ் வண்டியின் 702 கன சென்டிமீட்டர் இரட்டை உருளைப் பொறியும் இவ்வகையே.
- நேரடித் தெளிப்புப் பொறிகள்: எரிபொருள் நேரடியாகப் பிஸ்டனின் தலைக்குழியில் தெளிக்கப்படும். எரிபொருளின் அளவை இயந்திர முறையிலான பம்ப் கட்டுப்படுத்தும். மகிந்திராவின் 2523 கன சென்டிமீட்டர் நான்கு உருளைப் பொறி இதற்கு எடுத்துக்காட்டு.
- காமன் ரயில் பொறிகள்: எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான குழாயில் எரிபொருள் மிகு அழுத்தத்தில் தேக்கப்பட்டு, மின்னணுக் கட்டுப்பாட்டில் தெளிக்கப்படும். 2011 இல் அறிமுகமான அசோக் லேலண்ட் தோஸ்த் இவ்வகைப் பொறியுடன் வந்தது.

திறன் இழப்பையும் இயல்பான திறன் குறைவையும் வேறுபடுத்தல் வேண்டும். தொடக்ககால டாட்டா ஏஸ் பொறியின் திறன் 16 குதிரைத்திறன், அதாவது சுமார் 12 கிலோவாட் மட்டுமே. முழுச் சுமையுடன் அது ஏற்றத்தில் மெதுவாகச் செல்வது பழுதன்று, வடிவமைப்பின் எல்லை. அதேபோல் டர்போ இல்லாத பொறி, ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில், காற்றின் அடர்த்தி குறைவதால் தன் திறனில் ஐந்தில் ஒரு பங்கை இழப்பதும் இயல்பே.

## திறனுக்கு வேண்டிய அடிப்படைகள்

டீசல் பொறியில் தீப்பொறிக் கட்டை இல்லை. உருளைக்குள் காற்று மிகுதியாக அமுக்கப்படுவதால் உண்டாகும் வெப்பத்திலேயே எரிபொருள் தீப்பற்றுகிறது. இம்முறையில் இயங்கும் பொறியை ருடால்ஃப் டீசல் 1897 ஆம் ஆண்டு செருமனியின் ஆக்சுபர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். இன்றும் அடிப்படை மாறவில்லை. முழுத் திறன் கிடைக்க ஐந்து தேவைகள் நிறைவேற வேண்டும்.

1. போதிய காற்று
2. போதிய, தூய எரிபொருள்
3. போதிய அமுக்கம்
4. எரிபொருள் தெளிக்கப்படும் சரியான நேரம்
5. எரிந்த புகை தடையின்றி வெளியேறுதல்

காற்றின் பங்கை எண்களால் விளக்கலாம். 2.5 லிட்டர் கொள்ளளவுள்ள, டர்போ இல்லாத நான்கு வீச்சுப் பொறி, நிமிடத்துக்கு 3000 சுற்றுகளில் 1500 முறை தன் கொள்ளளவை நிரப்புகிறது. நிரம்பும் அளவு நூற்றுக்கு 85 எனக் கொண்டால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 3190 லிட்டர், அதாவது 3.7 கிலோகிராம் காற்று உள்ளே செல்கிறது. 20 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு டீசல் என்ற விகிதத்தில் 0.185 கிலோகிராம் டீசலை எரிக்கலாம். ஒரு கிலோகிராம் டீசலில் சுமார் 42.5 மெகாசூல் வெப்பம் உள்ளது. எனவே கிடைக்கும் வெப்பம் சுமார் 131 கிலோவாட். அதில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே சுழல் தண்டை அடைவதாகக் கொண்டால், பொறியின் திறன் ஏறத்தாழ 44 கிலோவாட்.

அடைத்துக்கொண்ட வடிகட்டியால் காற்று நூற்றுக்கு 15 குறைந்தால், அதே விகிதத்தில் எரிக்கத்தக்க திறன் 37 கிலோவாட்டாகக் குறையும். ஆனால் இயந்திரப் பம்ப் காற்றின் அளவை அறியாது. அது பழைய அளவு டீசலையே தெளிக்கும். அந்த மிகுதி டீசல் முழுமையாக எரியாமல் கரும்புகையாக வெளியேறும். இழுவை குறைந்து எரிபொருள் செலவு கூடுவது இதனாலேயே.

## புகையின் நிறம்

டீசல் வண்டியில் செலவில்லாத முதற் சோதனை, சுமையுடன் செல்லும்போது வெளிவரும் புகையை நோக்குதல் ஆகும்.

- கரும்புகை: காற்றுக்கு மிஞ்சிய எரிபொருள். காற்று வடிகட்டி அடைப்பு, டர்போ குழாயில் கசிவு, ஒழுகும் இன்ஜெக்டர் ஆகியவை வழக்கமான காரணங்கள்.
- வெண்புகை: எரியாத டீசலின் ஆவி. அமுக்கக் குறைவு அல்லது தாமதமான தெளிப்பு நேரத்தைச் சுட்டும். பொறி சூடான பின்னும் வெண்புகை தொடர்ந்து, ரேடியேட்டரில் நீரும் குறைந்துவந்தால், ஹெட் கேஸ்கெட் பழுதைச் சந்தேகிக்கலாம்.
- நீலப்புகை: பொறி எண்ணெய் எரிதல். பிஸ்டன் வளையங்கள், வால்வு வழிகாட்டிகள் அல்லது டர்போவின் எண்ணெய்த் தடுப்பு தேய்ந்திருக்கும்.
- புகையின்மை: இழுவை குறைந்தும் புகை சிறிதும் இல்லையெனில், எரிபொருள் போதிய அளவில் சென்று சேரவில்லை என்பது பொருள். அல்லது குறை பொறியிலேயே இல்லை.

கரும்புகையுடன் இழுவைக் குறைவு காற்றின் வழியைத் தேடச் சொல்கிறது. புகையற்ற இழுவைக் குறைவு எரிபொருளின் வழியைத் தேடச் சொல்கிறது. தேடுதலின் பாதி இந்த ஒரு வேறுபாட்டிலேயே முடிந்துவிடும்.

## கண்டறியும் வரிசை

சோதனைகளை, செலவு குறைந்ததிலிருந்து செலவு மிகுந்ததை நோக்கியும், வெளிப்புறத்திலிருந்து உட்புறத்தை நோக்கியும் செய்வது பொதுவிதி. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து, வண்டியை ஓட்டிப் பார்த்த பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். இரண்டு பாகங்களை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்பது தெரியாமற்போகும்.

### 1. குறை பொறியில்தானா?

பொறி நல்ல நிலையில் இருந்தும் அதன் திறன் சக்கரத்தைச் சேராதிருக்கலாம். இறுகிப் பிடித்துக்கொண்ட பிரேக், காற்றுக் குறைந்த டயர், நழுவும் கிளட்ச் ஆகிய மூன்றும் இவ்வகையின.

வெற்று வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரை விடுவித்துத் தள்ளிப் பார்ப்பது எளிய சோதனை. 1600 கிலோகிராம் எடையுள்ள வண்டியின் உருளல் தடை ஏறத்தாழ 19 கிலோகிராம் எடையைத் தூக்கும் விசைக்குச் சமம். ஆகவே இருவர் தள்ளினால் வண்டி எளிதில் நகர வேண்டும். நகர மறுத்தால் பிரேக்குகளைச் சோதிக்க வேண்டும். சிறிது தொலைவு ஓட்டிய பின் ஒரு சக்கரத்தின் நடுப்பகுதி மட்டும் மற்றவற்றைக் காட்டிலும் மிகவும் சூடாக இருப்பதும் பிரேக் பிடித்திருப்பதைக் காட்டும்.

உயர் கியரில் ஏற்றத்தில் முடுக்கும்போது பொறியின் இரைச்சல் ஏறியும் வண்டியின் வேகம் ஏறாவிட்டால், கிளட்ச் நழுவுகிறது என்று கொள்ளலாம். கருகிய வாடையும் உடன் வரும்.

### 2. முடுக்கி முழுமையாகத் திறக்கிறதா?

பழைய வண்டிகளில் முடுக்கி மிதி ஒரு கம்பி வடத்தால் டீசல் பம்பின் நெம்புகோலுடன் இணைக்கப்பட்டுள்ளது. வடம் நீண்டுவிட்டாலோ, மிதியின் கீழ் தரைவிரிப்பு மடிந்திருந்தாலோ நெம்புகோல் முழு அளவுக்குத் திரும்பாது. பொறியை நிறுத்திய நிலையில் ஒருவர் மிதியை முழுவதும் அழுத்த, மற்றொருவர் நெம்புகோல் தன் எல்லைத் திருகைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நிமிடமே ஆகும் இச்சோதனை அடிக்கடி மறக்கப்படுகிறது.

### 3. காற்றின் வழி

காற்று வடிகட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். உலர்ந்த தாள் வடிகட்டியை அளவுக்கு மீறி அழுத்தக் காற்றால் ஊதினால் தாளில் நுண்துளைகள் விழுந்து, தூசி உருளைக்குள் செல்ல வழியாகும். எண்ணெய்த் தொட்டி வகை வடிகட்டிகளில் எண்ணெயின் அளவையும் தூய்மையையும் பார்க்க வேண்டும்.

டர்போ உள்ள பொறிகளில், டர்போவுக்கும் உருளைகளுக்கும் இடையே உள்ள ரப்பர்க் குழாய்களில் வெடிப்பு, தளர்ந்த பட்டை, எண்ணெய்க் கசிவு ஆகியவற்றைத் தேட வேண்டும். சுமையின்போது கேட்கும் "உஸ்" என்ற ஒலி கசிவைக் காட்டிக்கொடுக்கும். பல டர்போ பொறிகளின் பம்பில், டர்போவின் அழுத்தத்துக்கு ஏற்ப எரிபொருளைக் கூட்டும் மென்சவ்வு ஒன்று உள்ளது. அதற்குச் செல்லும் சிறு குழாய் வெடித்தால், பம்ப் எரிபொருளைக் கூட்டாது. அப்போது புகையின்றியே இழுவை குறையும். டர்போ பழுது என்று கருதி விலையுயர்ந்த பாகத்தை மாற்றுவதற்கு முன் இக்குழாயைப் பார்ப்பது நலம்.

### 4. எரிபொருளின் வழி

எரிபொருள் தொட்டியிலிருந்து இன்ஜெக்டர் வரை ஒவ்வொரு கட்டமாகச் சோதிக்க வேண்டும்.

- தொட்டியின் மூடி: டீசல் குறையும் அளவுக்குத் தொட்டிக்குள் காற்று புக மூடியில் சிறு துளை உண்டு. அது அடைபட்டால் தொட்டியில் வெற்றிடம் உருவாகி டீசல் வருவது குறையும். வண்டி திணறும்போது மூடியைத் திறந்தால் காற்று உள்ளிழுக்கப்படும் ஒலி கேட்டு, பின் சிறிது தொலைவு வண்டி நன்றாக ஓடினால் இதுவே காரணம்.
- வண்டலும் நீரும்: வடிகட்டியின் அடியில் உள்ள திருகைத் தளர்த்திச் சிறிதளவு டீசலைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தால், நீர் அடியில் தனியே தங்கும்.
- காற்றுப் பிடித்தல்: தொட்டிக்கும் பம்புக்கும் இடையே உள்ள குழாயில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே ஒழுகாமல் காற்று உள்ளே புகக்கூடும். அவ்விடத்தில் சிறிது நேரத்துக்கு ஒளி ஊடுருவும் குழாயைப் பொருத்தினால் குமிழிகளைக் கண்ணாலேயே காணலாம்.
- ஊட்டு பம்ப்: ஃபீட் பம்ப் எனப்படும் இது தளர்ந்தால், மெதுவாக ஓடும்போது குறை தெரியாது, முழுச் சுமையில் மட்டும் பொறி திணறும்.
- இன்ஜெக்டர்: பட்டறைகளில் நாசில் என்று வழங்கப்படும் இதன் துளைகள் தேய்ந்தாலோ அடைபட்டாலோ டீசல் பனிபோலச் சிதறாமல் ஒழுகும். தனிச் சோதனைக் கருவியில் இதன் திறப்பு அழுத்தத்தையும் தெளிக்கும் வடிவத்தையும் பார்க்க வேண்டும்.

### 5. எந்த உருளை வேலை செய்யவில்லை?

பொறி சீராக ஓடாமல் அதிர்ந்தால், ஓர் உருளை செயலற்றிருக்கலாம். இயந்திரப் பம்ப் உள்ள பொறிகளில், மெதுவாக ஓடும்போது ஒவ்வோர் இன்ஜெக்டர் குழாயின் திருகையும் ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்தி ஒலியைக் கேட்பது மரபான முறை. நல்ல உருளையின் திருகைத் தளர்த்தினால் ஓட்டம் தடுமாறும். எதைத் தளர்த்தினாலும் மாற்றம் இல்லையோ அதுவே பழுதான உருளை. காமன் ரயில் பொறிகளில் இச்சோதனையை ஒருபோதும் செய்யக் கூடாது.

நான்கில் ஓர் உருளை நின்றால் இழப்பு நூற்றுக்கு 25 மட்டுமன்று. பொறியின் உள் உராய்வு குறையாமல் அப்படியே இருப்பதே இதற்குக் காரணம். உருளைகளில் உண்டாகும் திறனை 100 எனவும் உராய்வை 20 எனவும் கொண்டால், வெளிவருவது 80. ஓர் உருளை நின்றால் 75 இலிருந்து 20 போக 55 மட்டுமே வெளிவரும். இது 80 இல் ஏறத்தாழ நூற்றுக்கு 31 இழப்பாகும்.

### 6. தெளிப்பு நேரமும் வால்வு இடைவெளியும்

பம்பை அண்மையில் கழற்றி மாட்டியிருந்தால் தெளிப்பு நேரம் மாறியிருக்க வாய்ப்புண்டு. நேரம் முந்தினால் பொறி கடுமையாகத் தட்டும். பிந்தினால் வெண்புகையும் மிகு சூடும் தோன்றும். டேப்பட் எனப்படும் வால்வு இடைவெளி மிகக் குறைந்துவிட்டால், வால்வு முழுமையாக மூடாது. அமுக்கம் குறைவதுடன் நாளடைவில் வால்வும் கருகும். தட்டும் ஒலி இல்லை என்பதால் இடைவெளி சரியாக உள்ளது என்று கொள்ள முடியாது.

### 7. புகை வெளியேறும் வழி

உட்புறத் தகடு உடைந்து அடைத்துக்கொண்ட சைலன்சர், கல்லில் மோதி நசுங்கிய புகைக்குழாய் ஆகியவை புகையைத் தேக்கும். எரிந்த வாயு முழுதும் வெளியேறாவிட்டால் புதுக்காற்றுக்கு உருளையில் இடமிராது. புகையின் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே அனுப்பும் வால்வு உள்ள பொறிகளில், அது கரி படிந்து திறந்த நிலையிலேயே நின்றுவிடுவதும் இதே விளைவைத் தரும்.

### 8. அமுக்கச் சோதனை

மேற்கண்ட அனைத்தும் சரியாக இருந்தால் மட்டுமே இச்சோதனைக்கு வர வேண்டும். இன்ஜெக்டரைக் கழற்றி அவ்விடத்தில் டீசல் பொறிக்குரிய அழுத்தமானியைப் பொருத்தி அளக்கப்படும். நல்ல டீசல் பொறியில் அமுக்க அழுத்தம் பொதுவாக 25 முதல் 30 பார் அளவில் இருக்கும். சரியான எண்ணைத் தயாரிப்பாளரின் கையேட்டில் காணலாம். உருளைகளுக்கிடையே உள்ள வேறுபாடும் இன்றியமையாதது. ஓர் உருளை மட்டும் குறைந்தால் வால்வு அல்லது வளையம் பழுது. அடுத்தடுத்த இரு உருளைகள் ஒன்றாகக் குறைந்தால் அவற்றுக்கிடையே ஹெட் கேஸ்கெட் எரிந்திருக்கலாம். எல்லாம் சீராகக் குறைந்தால் பொதுவான தேய்மானம். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறக்கும்போது புகை வேகமாகப் பீறிடுவதும் வளையத் தேய்மானத்தின் அடையாளம்.

### மின்னணுக் கட்டுப்பாட்டுப் பொறிகள்

காமன் ரயில் பொறிகளில் உணரி ஒன்று தவறான அளவைத் தந்தால், கட்டுப்பாட்டுக் கணினி பொறியைக் காக்கும் பொருட்டுத் திறனை வேண்டுமென்றே குறைத்துவிடும். அப்போது முகப்பில் எச்சரிக்கை விளக்கு எரியும். பிழைக்குறியீட்டைக் கருவியால் படிப்பதே இங்கு முதற்படி. ஆயினும் குறியீடு காட்டுவது அறிகுறியையே. "குழாய் அழுத்தம் குறைவு" என்ற குறியீடு, அழுத்த உணரி பழுது என்பதைக் காட்டிலும் அடைபட்ட டீசல் வடிகட்டியையே பெரும்பாலும் குறிக்கும்.

## கடலோரப் பகுதிகளின் தனிச் சிக்கல்கள்

உப்பளம் என்ற பெயரே உப்பு விளையும் நிலத்தைக் குறிப்பது. இதுபோன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று இரும்பை விரைந்து அரிக்கிறது. மீனும் பனிக்கட்டியும் ஏற்றும் வண்டிகளில் பெட்டிகளிலிருந்து வடியும் உப்புநீர் சட்டத்தின் மீதும் பிரேக் பாகங்களின் மீதும் விழுகிறது. இதனால் பிரேக் பிடித்துக்கொள்ளுதல், தொட்டியின் உட்புறத் துரு வடிகட்டியை அடைத்தல், டீசல் குழாயில் ஊசித்துளை விழுதல், மின் இணைப்புகளில் பச்சைப் படிவு ஏற்பட்டு உணரிகள் தவறான அளவைத் தருதல் ஆகியவை உள்நாட்டைக் காட்டிலும் இங்குக் கூடுதலாகக் காணப்படும். வண்டியின் அடிப்பகுதியை நன்னீரால் கழுவுவது சிறந்த தடுப்பு முறை.

மற்றொரு சிக்கல் மழைவெள்ளம். புதுச்சேரி தன் மழையின் பெரும்பகுதியை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் பெறுகிறது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்து நகரின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. காற்று வடிகட்டியின் மட்டத்துக்கு நீர் ஏறிய வண்டியை இயக்கினால், நீர் உருளைக்குள் புகும். காற்றைப்போல் நீரை அமுக்க முடியாது. ஆகவே பிஸ்டனின் இணைப்புத் தண்டு வளையும். வளைந்த தண்டுடன் பொறி மீண்டும் ஓடக்கூடும். ஆனால் அந்தப் பிஸ்டன் முன்போல உச்சியை எட்டாததால் அவ்வுருளையின் அமுக்கம் குறைந்து, நிலையான திறன் இழப்பு எஞ்சும். எனவே வெள்ளத்தில் நின்ற வண்டியை, வடிகட்டி, பொறி எண்ணெய், டீசல் ஆகியவற்றில் நீர் கலந்துள்ளதா என்று பார்க்காமல் இயக்கக் கூடாது. அத்தகைய வண்டியில் பின்னர் இழுவை குறைந்தால் அமுக்கச் சோதனையை முன்கூட்டியே செய்யலாம்.

## பரவலான தவறான கருத்துகள்

- "பம்பில் டீசலைக் கூட்டினால் இழுவை வரும்": பம்பின் எல்லைத் திருகைத் திருப்பி எரிபொருளைக் கூட்டுவது, காற்று போதாத பொறியில் கரும்புகையையும் வெப்பத்தையும் மட்டுமே கூட்டும். பிஸ்டன் தலை உருகவும், டர்போ பழுதாகவும் வாய்ப்புண்டு.
- "பழைய வண்டி அப்படித்தான்": தேய்மானத்தால் திறன் மிக மெதுவாகவே குறையும். சில வாரங்களில் இழுவை தெளிவாகக் குறைந்தால் அதற்குத் தனிக் காரணம் உண்டு.
- "மண்ணெண்ணெய் கலந்தால் பொறி சுத்தமாகும்": டீசல் பம்பின் நுண்ணிய பாகங்களுக்கு டீசலே உயவுப்பொருள். மண்ணெண்ணெயின் உயவுத்தன்மை குறைவு என்பதால் பம்பும் இன்ஜெக்டரும் விரைவில் தேயும்.
- "வடிகட்டியைக் கழற்றிவிட்டால் காற்று நன்கு வரும்": தூசி நேரடியாக உருளைக்குள் சென்று வளையங்களையும் உருளைச் சுவரையும் தேய்த்து, சரிசெய்யத்தக்க குறையைச் சரிசெய்ய இயலாததாக மாற்றும்.

## பாதுகாப்பு

இன்ஜெக்டரிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் செல்லும் வலிமையுடையது. காமன் ரயில் குழாய்களில் அழுத்தம் 1000 பாருக்கும் மேல் இருக்கும். கசிவைக் கையால் தடவித் தேடாமல் அட்டைத் துண்டைக் கொண்டு தேட வேண்டும். தோலில் டீசல் பாய்ந்தால், காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது. கூரையுள்ள மூடிய இடத்தில் பொறியை நெடுநேரம் இயக்கக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் படுக்கக் கூடாது.

## புகைச் சோதனையும் தகுதிச் சான்றும்

இந்தியாவில் சரக்கு வண்டிகளுக்கு, பதிவு செய்து எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையும் தகுதிச் சான்று புதுப்பிக்கப்பட வேண்டும். பேச்சுவழக்கில் இது எஃப்.சி. எனப்படுகிறது. பாரத் நிலை 4க்கு முந்தைய டீசல் வண்டிகளுக்குப் புகையின் அடர்த்தி வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகுகள் ஆகும். திறன் இழப்புக்கும் கரும்புகைக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே என்பதால், புகைச் சோதனையில் எண் முன்னைவிட உயர்வது, ஓட்டுநர் உணரும் முன்பே பொறியின் நிலை குன்றுவதைக் காட்டும். சோதனைச் சீட்டுகளைத் தேதிவாரியாகச் சேர்த்து வைத்து ஒப்பிடுவது, கருவி ஏதுமின்றிப் பொறியின் நிலையைக் கண்காணிக்க உதவும்.

## இவற்றையும் பார்க்க

- டீசல் பொறி
- உள் எரி பொறி
- முறுக்குவிசை
- குதிரைத்திறன்
- ருடால்ஃப் டீசல்
- உப்பளம்